எனக்கு சுகர் இல்லை

ஒடம்பு தேறி வெளிய நடமாட ஆரம்பிச்சதுலருந்து, பாக்குறவன் எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குறான். "இன்னா சூச, ஆபரேஷன் பண்ண எடம் ஆறிட்ச்சா?"ன்னு கேட்டா அது நியாயம். அத ஒருத்தனும் கேக்கறதில்ல. "இன்னா சூச, சுகர் எப்டி கீது?"ன்னு கேட்டுட்டு, சிரிப்ப அடக்க முடியாம அந்தாண்ட திரும்பிக்கிறான். ராயபுரத்துல ஒரு சேதி காலையில கெளம்புனா, மத்தியானத்துக்குள்ள எண்ணூருக்குப் போயி டீ குடிச்சிட்டு திரும்பி வந்துடும். அதுவும் ஆளாளுக்கு ஒரு கையி, ஒரு காலு ஒட்ட வெச்சி அனுப்புவாங்க. அதுக்கு நானே உள்ளத உள்ளபடி சொல்லிட்டா தேவலன்னு தோணிச்சி.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கணும். எனக்கு காது கேக்காது. திருவொத்தியூர் பக்கம் ஒரு கம்பெனியில, பழுக்கக் காய்ச்சின இரும்ப பெரிய சுத்தியல் மிஷின்ல வெச்சி அடிக்கிற ஷாப்புல வேல பாத்து ரிட்டயர் ஆனவன் நான். அந்த சத்தத்துக்குள்ள நின்னவனுக்கு காது எங்கருந்து மிஞ்சும்? காதுல மிஷின் வெச்சா கேக்கும். கழட்டிட்டா சுவருதான். காது போனவனுக்கு தன் தொண்ட எவ்ளோ பெருசுன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழம மாதா கோயில்ல வேத வாசகம் படிக்கிறது நான்தான். மைக்கு வெக்கறதில்ல. ஒரு தடவ வெச்சாங்க, முன் வரிசையில ரெண்டு பேரு காத பொத்திகினு பின்னாடி போயிட்டாங்க.

வியாதி ஆரம்பிச்சது சாம்பல் புதன் அன்னிக்கி. அன்னிலருந்து தவக்காலம், கறி மீனு கெடையாது. அதனால மொத நாளே நாப்பது நாளைக்கும் சேத்து சாப்பிட்ற மாதிரி பரோட்டாவும் பீஃப் வறுவலும் ஒரு கை பாத்தேன். என் சம்சாரம் ஆரோக்கியம், "ஏன்யா, சாமி நாளைக்கு ஒலகத்த அழிக்கப் போறாரா?"ன்னு கேட்டா. மறுநாள் பூசையில ஃபாதர் நெத்தியில சாம்பல் பூசி, மனந்திரும்புன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்ட போனாரு. நான் பெஞ்சுக்கு வந்து முட்டி போட்டேன். வலது பக்கம் விலாவுக்குக் கீழ யாரோ திருகாணி வெச்சி முறுக்குற மாதிரி ஒரு வலி. அது அப்டியே தோள்பட்டைக்கு ஏறிச்சி. வேர்த்து ஊத்துது. நெஞ்சுவலிதான், கத முடிஞ்சிட்ச்சின்னு நெனச்சிட்டேன்.

ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்க. அங்க இருந்த சின்ன டாக்டரம்மா என் நெத்திய பாத்துட்டு, "பேரு சூசைன்னு சொல்றீங்க, விபூதி பூசிகினு கீறீங்களே?"ன்னாங்க. சாவுற நேரத்துலயும் ஆரோக்கியத்துக்கு சிரிப்பு வந்துட்ச்சி.

மார்ல கால்ல எல்லாம் ஒயர மாட்டி, இதயத்தோட ஓட்டத்த காகிதத்துல கோடா போட்டு பாத்தாங்க. அதான் ஈ.சி.ஜி. அதுல ஒண்ணுமில்ல. அப்புறம் வயித்துல ஜில்லுன்னு ஒரு கோந்த தடவி, ஸ்கேன் எடுத்தாங்க. அதுல தெரிஞ்சிட்ச்சி. ஈரலுக்கு அடியில பித்தப்பைன்னு ஒரு சின்ன பை இருக்காம். ஈரல் சொரக்கிற பித்தத் தண்ணிய சேத்து வெச்சிகினு, நாம எண்ணெ கொழுப்பு சாப்பிடும்போது அவுத்து விடுமாம். என் பை பூரா கல்லு. ஒரு கல்லு பையோட வாயில போயி அடச்சிகினதுல பை வீங்கி சீழு வெச்சிட்ச்சி. கொஞ்ச நாளு ஊசி போட்டு வீக்கத்த கொறச்சிட்டு, பைய எடுத்துடணும்னு பெரிய டாக்டர் சொன்னாரு. வயித்த கிழிக்க மாட்டாங்களாம். சின்னச் சின்ன ஓட்ட போட்டு, குழா வழியா கேமராவ விட்டு எடுப்பாங்களாம். இந்த வயசுக்கு கொஞ்சம் ஜாக்கிரதையா பண்ணணும்னும் சேத்து சொன்னாரு. எனக்கு அந்த கடைசி வாக்கியம் மட்டும்தான் காதுல நின்னுது.

"வேற எதாவது வியாதி இருக்கா? பிரஷர், சுகர்?"

நான் வாயத் தெறக்குறதுக்குள்ள எம் பொண்ணு ஜெஸி சொல்லிட்டா. புளியந்தோப்புலருந்து அலறி அடிச்சிகினு வந்திருந்தா. "சுகர் இருக்கு டாக்டர். ஆறு வருஷமா."

"என்ன மாத்திர சாப்பிட்றீங்க?"

நான் ஆரோக்கியத்த பாத்தேன். அவ கூரையில ஓட்ற ஃபேன பாத்தா. "பச்ச கலருல... சின்னதா..."ன்னு இழுத்தேன். டாக்டர் எழுதிக்கினாரு. அன்னிக்கே எனக்கு சக்கர இல்லாத கஞ்சி, சக்கர இல்லாத காபின்னு வர ஆரம்பிச்சிட்ச்சி.

இப்போ இந்த சுகர் கதைய சொல்லியாவணும். இல்லன்னா மத்தது வெளங்காது.

ஜெஸி கட்டிக்கினது கௌதமன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. எண்ணூர் பக்கம் கம்பெனியில ஃபிட்டரு. வூட்ல புத்தர் படம், பாபாசாகேப் படம். பையன் தங்கம். குடி கெடையாது, பீடி கெடையாது. எனக்கு அவன்கிட்ட இன்னா கொறன்னு கேட்டா, நேரா சொல்லிடறேன்: ஜாதி. வேற ஒரு மண்ணும் இல்ல. எங்க ஜாதி இன்னான்னு இங்க எழுத மாட்டேன். எழுதுனா அதுலயும் ஒரு பெருமை வந்து ஒக்காந்துக்கும். கல்யாணம் கோயில்லயே நடந்துச்சி, நான் போயி இஞ்சி தின்ன மூஞ்சியோட நின்னேன். அதுக்கப்புறம் மறுவூட்டு விருந்துன்னு கூப்ட்டாங்க.

போனேன். கௌதமன் அம்மா, அம்சா அம்மா, கேசரியும் காபியும் கொண்ணாந்து எம் முன்னாடி வெச்சாங்க. முந்தானையில கைய தொடச்சிகினு, "சாப்டுங்க அண்ணே"ன்னு நிக்கிறாங்க. நான் அந்த தட்ட பாக்கல. அந்த கைய பாத்தேன். எங்கருந்து வந்துச்சோ அந்த வார்த்த, இன்னிக்கி வரைக்கும் தெரியல. "எனக்கு சுகரும்மா. வெளிய ஒண்ணும் தொடறதில்ல."

"ஐயோ, தெரியாம பூட்ச்சே! தண்ணியாவது..."

"டாக்டர் கொதிக்க வெச்ச தண்ணிதான் குடிக்க சொல்லிகீறாரு."

அவ்ளோதான். வாயிலருந்து வந்த பொய்க்கு அன்னிலருந்து நான் சோறு போட்டு வளத்தேன். எப்பயாவது அங்க போனாலும் மாடி ஏறாம கீழ வாசலோட சரி, கையில தண்ணி பாட்டுலு. ஜெஸி எங்க வூட்டுக்கு வர்றான்னா ஆரோக்கியம் சக்கர டப்பாவ பீரோவுல ஒளிச்சி வெப்பா. "பாவி மனுஷா, கோயில்ல அந்த சத்தம் போட்டு வேதம் படிக்கிறியே, ஒனக்கே கூசல?"ன்னு கேப்பா. கல்மண்டபம் டீக்கடையில மூணு ஸ்பூன் சக்கர போட்டு குடிச்சிட்டு வாயத் தொடச்சிகினு வருவேன். வந்தா ஜெஸி குடுத்தனுப்புன பாவக்கா ஜூஸ் காத்துகினு இருக்கும். எம் பொண்ணு பொறுப்பா அரச்சி குடுத்தனுப்புறா, வேணாம்னா சந்தேகம் வரும். இல்லாத வியாதிக்கு ஆறு வருஷம் பாவக்கா ஜூஸ் குடிச்சவன் இந்த மெட்ராஸ்ல என்ன தவிர எவனாவது இருந்தா வந்து கைய குடுக்கட்டும்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வரேன். வார்டுல எனக்கு பக்கத்து கட்டில்ல மீஞ்சூர் நாகராஜ். எலக்ட்ரீஷியன், கொடலிறக்கம் ஆபரேஷனுக்கு வந்தவரு. நல்ல மனுஷன். குறட்ட விடுவாரு, அதனால எனக்கு இன்னா, ராத்திரியானா மிஷின கழட்டி வெச்சிடுவேன். வார்டு நர்சு லிசி சிஸ்டர், நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு. ஊசி குத்துறதுக்கு முன்னாடி, "தாத்தா, கத்தக் கூடாது கேட்டியளா, போன தடவ கத்துனதுல கீழ லேபுல இருந்தவன் மேல வந்துட்டான்"னு சொல்லிட்டுத்தான் குத்தும். பில்லுக்கு ஆரோக்கியம் காப்பீட்டு அட்டைய எடுத்துகினு கவுன்டர் கவுன்டரா அலஞ்சா. ஒருத்தன் அங்க போன்னுவான், அங்க போனா அவன் சாப்பாட்டுக்குப் போயிருப்பான். கடைசியா அட்ட செல்லும்னு சொன்னப்போ, அவ அந்த கவுன்டர்காரருக்கே ஒரு பழம் குடுத்துட்டு வந்தா.

தெனமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கௌதமன் ஃப்ளாஸ்குல காபி கொண்ணாந்து குடுத்துட்டு போவான். அம்சா அம்மா போட்டது. எனக்குன்னு சக்கர இல்லாம, எண்ணெ கொழுப்பு ஆவாதுன்னு பாலையும் ஆட எடுத்துட்டு. அவன் தல மறஞ்சதும் நாகராஜ் டம்ளர்ல ஊத்திடுவேன். அவரு, "இன்னா காபி நைனா! சக்கர இல்லன்னாலும் இன்னா மணம்! உனுக்கு வாணாமா?"ன்னு கேப்பாரு. வயிறு ஒத்துக்கலம்பேன். பொய் சொல்றதுல அப்போ எனக்கு நல்ல பழக்கம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க. சுகர்காரனுக்கு புண்ணு ஆற நாளாவும், மயக்க மருந்துலயும் கவனம் வேணும், அதுக்காவ. சாப்பிட்றதுக்கு முன்ன, சாப்ட்ட பின்னன்னு எடுக்கறது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு டெஸ்ட் இருக்கு, மூணு மாச சராசரி. ரத்தத்துல ஓட்ற சிவப்பணு மேல சக்கர ஒட்டிக்குமாம். அந்த அணு மூணு மாசம் வரைக்கும் உசுரோட இருக்கும். எவ்ளோ ஒட்டிகினு இருக்குன்னு பாத்தா, மூணு மாசமா நாம இன்னா பண்ணிகினு இருந்தோம்னு தெரிஞ்சிடும். "மொத நாளு பட்டினி கெடந்தெல்லாம் இந்த டெஸ்ட ஏமாத்த முடியாது தாத்தா"ன்னு லிசி சிஸ்டர் வெளக்கம் சொல்லிச்சி. எனக்கு வயித்துக்குள்ள கல்லு இல்லாத எடத்துலயும் கல்லு விழுந்துட்ச்சி.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தப்போ ஜெஸியும் ஆரோக்கியமும் பக்கத்துல நிக்கிறாங்க. பெரிய டாக்டர் ரிப்போர்ட்ட பாக்குறாரு, என்ன பாக்குறாரு, மறுபடி ரிப்போர்ட்ட பாக்குறாரு. "ஐயா, உங்களுக்கு யாரு சுகருன்னு சொன்னது? உங்களுக்கு சுகரே இல்ல. சுத்தமா இல்ல. வாலிபப் பையன் மாதிரி கீது ரத்தம்!"

நாகராஜ் கை தட்டிட்டாரு. "பார்ட்டி வெய்யி நைனா!"

ஜெஸியும் மொதல்ல சிரிச்சா. "பாவக்கா ஜூஸு வேல செஞ்சிட்ச்சி டாக்டர்!"ன்னா. டாக்டர் இல்லன்னு தலயாட்டுனாரு. ஜூஸுக்கெல்லாம் இப்டி போவாது, முன்னயும் இருந்திருக்காதுன்னாரு. அவ சிரிப்பு நின்னுது. அம்மாவ பாத்தா. ஆரோக்கியம் மறுபடி ஃபேன பாத்தா. அப்புறம் ஜெஸி என்ன பாத்தா. எம் பொண்ணுக்கு புத்தி என்ன மாதிரி இல்ல, சட்டுன்னு புடிச்சிக்கும். கேசரி தட்டு, தண்ணி பாட்டுலு, எல்லாம் அந்த ஒரு நொடியில அவ கண்ணுல வரிசையா போனத நான் பாத்தேன்.

"எங்க வூட்டு சக்கர மட்டும்தான் ஒனக்கு ஆவாது. இல்லப்பா?"

அவ பைய எடுத்துகினு போயிட்டா. அழுதுகினே போனான்னு ஆரோக்கியம் அப்புறமா சொன்னா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி பக்கமே வரல. போன் போட்டா எடுக்கல. நான் சாவக் கெடந்தா வருவாளான்னு கூட யோசிச்சேன். ஆபரேஷன் தேதி குறிச்சிட்டாங்க, எம் பொண்ணு மொகத்த பாக்காமயே போயிடுவனோன்னு பயம். ஆனா ஃப்ளாஸ்கு மட்டும் வந்துச்சி. கௌதமன் வெச்சிட்டு போயிட்டான். தெறந்து நாகராஜுக்கு ஊத்துனேன். அவரு ஒரு வாயி குடிச்சிட்டு கண்ண மூடிக்கினாரு. "நைனா, இது காபி இல்ல, சக்கரப் பாகு!" எம் பொண்ணு கோவத்த ஸ்பூன் ஸ்பூனா அள்ளிப் போட்டு அனுப்பியிருந்தா. அன்னிக்கும் நான் குடிக்கல. அதுதான் என்ன நெனச்சா எனக்கே அருவருப்பு. குட்டு வெளிப்பட்ட பின்னாடியும் கையி போவல.

ஆபரேஷன் அன்னிக்கி காலையில பச்ச துணிய மாட்டி விட்டு, மோதரம், அருணாக்கயிறு, கழுத்துல மாதா மெடலு எல்லாம் கழட்டி வாங்கிக்கினாங்க. காது மிஷினையும் கழட்டி டப்பாவுல போட்டாங்க. அப்போ ஆரோக்கியம் சொல்லி அனுப்பி பங்கு ஃபாதர் வந்தாரு. சின்ன வயசு, மெதுவான குரலு. கட்டிலச் சுத்தி தெரய இழுத்துவிட்டு, எங்கிட்ட குனிஞ்சி காத குடுத்தாரு. பாவசங்கீர்த்தனம், அதாவது செஞ்ச பாவத்த ஃபாதர்கிட்ட ரகசியமா சொல்லி மன்னிப்பு கேக்குறது.

வருஷா வருஷம் தவக்காலத்துல பாவசங்கீர்த்தனம் பண்றவன்தான் நான். கோவப்பட்டேன், பூசைக்கு லேட்டா போனேன்னு சில்லறையா சொல்லிட்டு வந்துடுவேன். இத ஒரு நாளும் சொன்னதில்ல. இது பாவம்னே நான் கணக்குல எடுத்துக்கல. அன்னிக்கி கட்டில்ல படுத்துகினு, ஜெஸி கேட்ட கேள்விதான் மண்டைக்குள்ள. எல்லாத்தையும் சொல்லிடணும்னு தோணிச்சி. ரகசியமா, ஃபாதர் காதுல மட்டும் விழற மாதிரி, குசுகுசுன்னு சொன்னேன்.

குசுகுசுன்னுதான் சொன்னேன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்.

"ஃபாதர், எனக்கு சுகர் இல்ல. எப்பயும் இல்ல. ஜாதிதான் ஃபாதர். அந்தம்மா கையால குடிக்கக் கூடாதுன்னு சுகருன்னு பொய் சொன்னேன். ஆறு வருஷம் ஒரு வாய் தண்ணி குடிக்கல அவங்க வூட்ல. அந்த பையன இது வரைக்கும் மாப்ளன்னு கூப்ட்டதில்ல. இங்க வந்தும் தெனமும் அவங்க காபிய பக்கத்து பெட்டுக்கு ஊத்தி குடுத்துட்டேன். பூசையில நன்ம அப்பம் வாங்குற கை ஃபாதர் இது, அவங்க குடுத்தத வாங்கல. எம் பொண்ணு என்ன வுட்டு பூட்டா. நான் செத்தா நரகத்துக்குத்தான் போவேன். அதுவும் நியாயம்தான்."

அழுதேன். வெக்கமில்லாம சொல்றேன், கொழந்த மாதிரி அழுதேன். ஃபாதர் மொகம் ஒரு மாதிரியா இருந்துச்சி. வாய அசச்சாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. "இன்னா ஃபாதர்?"ன்னேன். மறுபடி சொன்னாரு. கேக்கல. கழுத்து நரம்பு பொடைக்க மூணாவது தடவ கத்துனாரு பாருங்க, அது எனக்கே கேட்டுச்சி.

"அவங்க வூட்டுக்குப் போயி சாப்டுங்க! அதான் உங்களுக்கு அபராதம்!"

அபராதம்னா, பாவத்துக்குப் பரிகாரமா ஃபாதர் செய்யச் சொல்றது. வழக்கமா நாலு ஜெபம் சொல்லச் சொல்லுவாங்க. எனக்கு இது. மன்னிப்பு குடுத்து, தலயில கைய வெச்சிட்டு தெரய தெறந்தாரு.

வார்டு பூரா எங்க பக்கம் திரும்பி ஒக்காந்துகினு இருக்கு. நாகராஜ் கையில நேத்திக்கி காபி குடிச்ச டம்ளர வெச்சிகினு திருதிருன்னு முழிக்கிறாரு. லிசி சிஸ்டர் கண்ண தொடச்சிகினே சிரிக்குது. தெரைக்கு ஒரு முழம் தள்ளி கௌதமன், கையில ஃப்ளாஸ்கோட. ஆபரேஷன் நாள்ல நான் குடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும், ஆரோக்கியம் குடிக்கட்டும்னு கொண்ணாந்திருக்கான். ஒரு வார்த்த வுடாம கேட்டிருக்கான்.

தள்ளு கட்டில கொண்ணாந்துட்டாங்க. எனக்கு அவன் மூஞ்சிய பாக்க தெம்பில்ல. கண்ண மூடிக்கினேன். யாரோ எங்கால்ல போர்வைய இழுத்து வுட்டு, வெரலெல்லாம் மூடுனாங்க. தெறந்து பாத்தா அவன்தான். எங்காதுகிட்ட வந்து கத்துனான், "பயப்படாம போய்ட்டு வாங்க மாமா!"

முழிச்சப்போ வயித்துல நாலு ஒட்டு. ஒரு சின்ன பாட்டில்ல என் கல்லுங்கள போட்டு காட்டுனாங்க, கடல பருப்பு மாதிரி. காதுல மிஷின ஆரோக்கியம் மாட்டி வுட்டா. அவ மொத மொதல்ல சொன்னது, "மாடி வார்டுலருந்தெல்லாம் உன்ன பாக்க வராங்கய்யா"ன்னு. ஃபாதரும் சாயங்காலம் எட்டிப் பாத்தாரு. சொஸ்தமான்னு மட்டும் கேட்டுட்டு, ஆசீர்வாதம் குடுத்துட்டு, ஒண்ணுமே தெரியாதவர் மாதிரி போயிட்டாரு. ரகசியம் காக்குற கடம அவருக்கு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சி.

மறுநாள் கௌதமன் தனியா வந்தப்போ கேட்டேன். "ஒனக்கு நேத்திதான் தெரியுமா?"

அவன் ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்தான். "கல்யாணம் ஆன வருஷமே தெரியும். கல்மண்டபத்துல வண்டிய நிறுத்திட்டு நிக்கிறேன், நீங்க டீக்கடக்காரரு கிட்ட 'சக்கர தூக்கலா போடுப்பா'ன்னு சொல்றீங்க. உங்க குரலு தெரு முனை வரைக்கும் கேக்குதே மாமா."

"அப்புறம் ஏன் ஜெஸி கிட்ட சொல்லல?"

ஸ்டூல இன்னும் கிட்ட இழுத்துக்கினான். "எனக்கு கோவம் இல்லன்னு நெனக்காதீங்க. நெறய இருந்துச்சி. ஆனா அவ உங்கள நல்லவருன்னு நெனச்சிகினு இருந்தா. அத நான் எதுக்கு கெடுக்கணும்?"

கல்லு போன எடத்துல அவ்ளோ வலி இல்ல. இது வலிச்சிது.

இங்க இன்னொண்ணும் சொல்லிடணும், இல்லன்னா நான் பெரிய புனிதர்னு நெனச்சிக்குவீங்க. ஒடம்பு தேறத் தேற பயம் எறங்கிட்ச்சி. பயம் எறங்குனதும் பழைய சூசை மெதுவா எழுந்து ஒக்காந்தான். அழுதுட்டோம், மன்னிப்பும் கெடச்சிட்ச்சி, அந்த சாப்பாட்ட மெதுவா பாத்துக்கலாம்னு ஒரு நெனப்பு. டிஸ்சார்ஜ் அன்னிக்கி பெரிய டாக்டர், எண்ணெ மட்டும் கொஞ்ச நாளு கம்மி பண்ணிக்கச் சொன்னாரு. நான் கேட்டேன், "வெளிய சாப்பிடக் கூடாது இல்ல டாக்டர்?"

"தாராளமா சாப்பிடலாம்."

"யாரு வூட்லயாவது குடுத்தா..."

"சாப்பிடுங்க ஐயா."

"தண்ணி? கொதிக்க வெச்ச தண்ணிதான..."

"யோவ்!"ன்னு ஒரு சத்தம். ஆரோக்கியம்னு நெனச்சி திரும்புனேன். நாகராஜ்! தையல புடிச்சிகினு எழுந்து ஒக்காந்திருக்காரு. "யோவ் நைனா, மறுபடியும் ஆரம்பிக்கிறியா நீயி? வார்டே சாட்சியா கீது!" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா மூஞ்சி எரிஞ்சிது. எந்நாக்கு அதுபாட்டுக்கு அடுத்த பொய்ய தேட ஆரம்பிச்சிட்ச்சி, எனக்கே தெரியாம. மனந்திரும்புறதுன்னா அழுவுறது இல்ல போல. அழுவ சுளுவா வருது.

கௌதமன் லீவு போட்டுட்டு வந்து ஆட்டோவுல ஏத்துனான். ஆட்டோ வூட்டுப் பக்கம் திரும்பப் போற எடத்துல, எங்க தெரு மொனையில குக மாதிரி கட்டி மாதா செலை வெச்சிருக்கிற கெபி தெரிஞ்சிது. இப்போ வூட்டுக்குள்ள போயி கட்டில்ல படுத்துட்டன்னா அப்புறம் நான் போவவே மாட்டேன், என்ன எனக்குத் தெரியும். டிரைவர் தோள்ல தட்டுனேன். "வாணாம்பா. நேரா புளியந்தோப்பு வுடு."

ஆரோக்கியம் எங்கைய புடிச்சிக்கினா.

ஹவுசிங் போர்டு வாசல்ல எறங்குனா, மூணு மாடி. வயித்துல தையலு. லிஃப்டு கெடையாது. நான் கைப்புடிய புடிச்சிகினு ஒரு படி வெச்சேன், ரெண்டாவது படியில மூச்சு வாங்குது. கௌதமன் கீழ் வூட்லருந்து ஒரு பிளாஸ்டிக் சேர வாங்கியாந்தான். என்ன ஒக்கார வெச்சி, பக்கத்து வூட்டு ஆளு ஒருத்தரும் அவனும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்குனாங்க. எங்க கோயில் திருவிழாவுல மாதா தேர தூக்குற மாதிரி. வழியில ஒவ்வொரு கதவும் தெறக்குது. "யாருப்பா இது?" "ஜெஸி அப்பா!" "சுகர்காரரா?" இங்கயும் வந்துட்ச்சி சேதி. ரெண்டாவது மாடி வளைவுல சேரு சாஞ்சிது. "மாப்ள, பாத்து! பின்னாடி செவுரு!"ன்னு கத்திட்டேன்.

கௌதமன் நின்னுட்டான். மூச்சு வாங்கிகினே என்ன பாத்தான். "வெயிட்டா கீறீங்க மாமா"ன்னான், சிரிச்சிகினு. மறுபடி தூக்குனான்.

கதவ தெறந்தது ஜெஸி. புருஷன் வேர்வையோட, அப்பன் சேர்ல. மொகம் ஒண்ணும் காட்டல.

"எதுக்கு வந்த?"

நான் வழியெல்லாம் என்னென்னமோ நெனச்சி வெச்சிருந்தேன். "பசிக்குது ஜெஸி"ன்னேன்.

அவ வழிய விட்டா. உள்ள ஒக்கார வெச்சாங்க. அம்சா அம்மா சமையக்கட்டுலருந்து எட்டிப் பாத்துட்டு, உள்ள போயி ஒரு எவர்சில்வர் டப்பாவ எடுத்தாந்தாங்க. முந்தானையில கைய தொடச்சிகினு, எம் முன்னாடி வெச்சி மூடிய தெறந்தாங்க. சக்கர இல்லாத பிஸ்கெட்டு.

"மறுவூட்டுக்கு வந்து ஒண்ணும் சாப்டாம பூட்டீங்களே, மனசே ஆறல அண்ணே. அடுத்த தடவ மேல வந்தா குடுக்கணும்னு அன்னிக்கி சாயங்காலமே வாங்கியாந்து வெச்சேன். தேதி முடியப் போறப்போ இவன் தின்னு தீத்துடுவான். நான் மறுபடி புதுசு வாங்கி வெப்பேன். ஆறு வருஷமா இதான் நடக்குது. ஏன்டா, ஒனக்கு எதுக்குடா இந்த எழவு பிஸ்கெட்டுன்னா, வேஸ்ட்டா பூடும்மாம்பான்." அவங்க சிரிச்சாங்க. "இப்போதான் சுகரே இல்லன்னு சொல்றாங்களே. இத தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்தாரட்டா?"

நான் மாடி ஏறி வர மாட்டேன்னு தெரிஞ்சிகினே அந்த பையன் என் பங்கு பிஸ்கெட்ட தின்னுகினு இருந்திருக்கான், ஆத்தாளுக்கு ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு. நான் டப்பாவ எங்கிட்ட இழுத்துக்கினேன். "இதுதாம்மா வேணும். இது என்னுது."

எடுத்து வாயில போட்டேன். மரத்தூள வாயில போட்ட மாதிரி இருந்துச்சி. கண்ணுல தண்ணி வந்துட்ச்சி, அதுக்கு பிஸ்கெட்டும் ஒரு காரணம். இன்னொண்ணு எடுத்தேன். மூணாவது எடுக்கும்போது கௌதமன், "போதும் மாமா, எனக்கும் பழகிட்ச்சி, கொஞ்சம் மிச்சம் வெய்ங்க"ன்னான். அவன் பங்குக்கு ஒண்ணு எடுத்துக்கினான். அம்சா அம்மா ஒரு சொம்புல தண்ணி கொண்ணாந்து வெச்சாங்க. அண்ணாந்து, சொட்டு விடாம குடிச்சேன்.

ஜெஸி காபி டம்ளரோட எம் முன்னாடி வந்து நின்னா. இன்னொரு கையில சக்கர டப்பா, ஸ்பூனு. கண்ணு செவந்து இருக்கு. ஆனா ஒதட்டோரம் ஒரு துடிப்பு, சின்ன வயசுலருந்தே சிரிப்பு வரும்போது வர்ற துடிப்பு.

"எத்தினி ஸ்பூனுப்பா?"

அந்த வூட்ல நான் ஒரு கேள்விக்கும் உண்ம சொன்னதில்ல.

"மூணு!"ன்னேன்.

மெதுவாத்தான் சொன்னேன். கீழ ரெண்டாவது மாடியிலருந்து ஒரு அம்மா கொரல் குடுத்துச்சி: "கேட்ச்சி அண்ணே! நல்லா குடிங்க!"